பல்லிக்கு வீடு பார்த்தல்

பெங்களூருக்கு வந்து குடியேறிய நம்மவர்களுக்கு வீடு பார்ப்பது புதிய விஷயம் அன்று. தண்ணீர் ஒழுங்காக வருமா, வெயில் விழுமா, வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று ஆயிரம் கேள்வி கேட்டு, நான்கு தெரு சுற்றிப் பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுக்கிறோம். அப்படிப்பட்ட குடும்பத்தாரே, பிள்ளை ஆசைப்பட்டான் என்பதற்காக ஒரு வெளிநாட்டுப் பல்லியை வாங்கிவரும்பொழுது, அது குடியிருக்கப்போகும் இடத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கடையில் எந்தக் கண்ணாடிப் பெட்டியைக் காட்டுகிறார்களோ, அதையே தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பல்லியை வாங்குவதைக் காட்டிலும் அதன் கூண்டைத் தேர்ந்தெடுப்பது பெரிய காரியம் என்பதையும், அதிலும் பெங்களூரில் அது மிகவும் பெரிய காரியம் என்பதையும் விளக்கவே இதனை எழுதப் புகுந்தேன்.

பல்லியைப் போய் யாராவது வளர்ப்பார்களா என்று பெரியவர்கள் முகஞ்சுளிக்கக் கூடும். கௌளி சொல்லுக்குப் பலன் பார்த்தும், மேலே விழுந்தால் ஸ்நானம் செய்தும், காஞ்சி வரதராஜர் கோயிலில் பொன் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்கியும் பழகிவந்த பரம்பரை நம்முடையது. ஆயினும் காலம் மாறிவிட்டது. ரிச்சர்ட்ஸ் டவுனிலும், அதை ஒட்டிய பிரேசர் டவுன், குக் டவுன், காக்ஸ் டவுன் பகுதிகளிலும் பள்ளிப் பிள்ளைகள் பேசிக்கொள்வதைச் சற்றே காது கொடுத்துக் கேட்டால், நாய்க்குட்டிக்கு அடுத்தபடியாக இகுவானாவும் தாடிப் பல்லியும் சிறுத்தைப் பல்லியும் அடிபடுகின்றன. 'வேலியில் போகிற ஓணானை மடியில் கட்டிக்கொண்டாற்போல' என்ற பழமொழியைப் பாட்டிமார் நினைவூட்டினால், அது வேலி ஓணான் அன்று, பணம் கொடுத்து வாங்கிய ஓணான் என்று பேரப்பிள்ளைகள் திருத்துகிறார்கள்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு உடும்பையும் பச்சோந்தியையும் பிடித்து வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூண்டு எவ்வளவு பெரியதாயினும், அன்பு எவ்வளவு ஆழமானதாயினும் அது குற்றமே. வெளிநாட்டு இனங்களில் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவற்றை வைத்திருப்போர் அவற்றை அரசாங்கத்தாரிடம் தெரிவித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2022-இல் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வெளிவந்தன. பச்சை இகுவானா இந்தக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள பிராணி. 'பரிவேஷ்' என்னும் இணையதளத்தின் வழியாக இதைப் பதிவு செய்ய வேண்டும். அதன் முட்டைகள் பொரிந்து குட்டிகள் வந்தாலும், அதைப் பிறருக்குக் கொடுத்தாலும், அது இறந்துபோனாலும் தெரிவிக்க வேண்டும். விற்பவரிடம் இந்தச் சீட்டுகள் இல்லையென்றால், அவரிடம் விலை கேட்கவே வேண்டாம். 2023 ஆகஸ்டில் நமது கெம்பேகௌடா விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்த பயணி ஒருவரின் பெட்டிகளைத் திறந்தபோது 234 உயிர்ப் பிராணிகள் திணிக்கப்பட்டிருந்தன. மலைப்பாம்புகள், பச்சோந்திகள், இகுவானாக்கள், ஆமைகள் ஆகியவற்றோடு கங்காருக் குட்டி ஒன்றும் இருந்தது. அந்தக் கங்காருக் குட்டி மூச்சுத் திணறி இறந்து கிடந்தது. மலிவு விலையில் கிடைக்கும் பல்லி எந்த வழியாக வந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இனிக் கூண்டுக்கு வருவோம். நமது உடம்பு தனக்கு வேண்டிய உஷ்ணத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. உண்ணும் சோற்றில் பெரும்பகுதி அதற்காகவே செலவாகிறது. பல்லியினங்களுக்கு அந்தச் சக்தி இல்லை. காலையில் வெயிலில் கிடந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்கின்றன. சூடு மிஞ்சினால் நிழலுக்கு நகர்கின்றன. மறுபடியும் வெயிலுக்கு வருகின்றன. நாள் முழுவதும் இப்படி இடம் மாறி மாறியே உடம்பின் சூட்டைச் சீராக வைத்துக்கொள்கின்றன. ஆகவே பல்லிக்குக் கூண்டு என்பது வெறும் இருப்பிடம் அன்று. அது அதன் அடுப்பும், போர்வையும், ஜீரணக் கருவியும் ஆகும். இகுவானா தழை தின்னும் பிராணி. அந்தத் தழை அதன் குடலில் புளித்துச் செரிக்க வேண்டுமானால் உடம்பு சுட வேண்டும். சூடு இல்லையேல், வயிறு நிறையத் தின்றும் அது பட்டினி கிடப்பதற்கு ஒப்பாகும்.

எங்கள் பகுதியிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சி இதைத் தெளிவாக்கும். அண்டைத் தெருவில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தில், பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் ஒரு சாண் நீளமுள்ள இகுவானாக் குட்டியை வாங்கிவந்தான். அதனோடு இரண்டடி நீளமுள்ள மீன் தொட்டி ஒன்றையும் 'இது போதும் தம்பி' என்று சொல்லி விற்றுவிட்டார்கள். பையன் பொறுப்பானவன். தினமும் கீரை நறுக்கிப் போட்டான், தொட்டியைத் துடைத்தான், வெயில் படட்டும் என்று ஜன்னலோரத்தில் வைத்தான். மார்கழி பிறந்ததும் பிராணி சோர்ந்தது. தையில் தீனியைத் தொடவில்லை. பையனின் பாட்டியார் மனமிரங்கி, "எனக்கே இரண்டு கம்பளி வேண்டியிருக்கிறது, அந்த வாயில்லா ஜீவன் என்ன செய்யும்?" என்று சொல்லித் தம்முடைய சால்வையைத் தொட்டியின்மேல் போர்த்தினார். அந்த அம்மையாரின் இரக்கத்தை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் போர்வை புதிதாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாமல் காப்பதே அதன் வேலை. உள்ளே சூடே இல்லாத பிராணிக்குப் போர்வையால் என்ன பயன்?

மாசி மாதத்தில் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றபோது, அதன் கீழ்த்தாடை ரப்பரைப் போல் வளைந்தது. பின்னங்கால் ஒன்று கோணியிருந்தது. மருத்துவர் தீனியைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டுவிட்டு, பிறகு வீட்டைப் பற்றியே விசாரித்தாராம். எலும்பு உறுதிப்படச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அந்தச் சத்து உடம்பில் ஒட்ட வைட்டமின் டி வேண்டும். அது தோலில் உண்டாக வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும். ஆனால் இந்த வேலைக்கு உரிய கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். ஜன்னலின் கண்ணாடி ஒன்று, தொட்டியின் கண்ணாடி ஒன்று என்று இரண்டு சுவர்களுக்குப் பின்னால், கண்ணுக்கு வெயிலும் எலும்புக்கு இருட்டுமாக அது மாதக்கணக்கில் இருந்திருக்கிறது. இரவுக் குளிர் வேறு.

இங்கே நமது ஊரின் சீதோஷ்ணத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். பெங்களூர் கடல் மட்டத்துக்குமேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் வெப்பம் 15 டிகிரி அளவுக்கு இறங்குவது வழக்கம். 1884 ஜனவரியில் 7.8 டிகிரி வரை இறங்கியதாகப் பதிவு உண்டு. 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி வரை ஏறியதும் இதே ஊர்தான். இகுவானாவோ மெக்சிக்கோ முதல் பிரேசில் வரையுள்ள வெப்பமான காடுகளில், ஆற்றோர மரக்கிளைகளில் வாழும் பிராணி. அமெரிக்காவின் பிளோரிடா மாநிலத்தில் வளர்ப்பவர்களிடமிருந்து தப்பியும் கைவிடப்பட்டும் பெருகிய இகுவானாக்கள் ஏராளம். 2020 ஜனவரியில் அங்கே கடுங்குளிர் வந்தபோது, மரங்களிலிருந்து இகுவானாக்கள் விறைத்து விழக்கூடும் என்று மயாமி நகரத்து வானிலை அலுவலகத்தார் பொதுமக்களுக்கு அறிவித்தார்கள். நம் ஊரில் அவ்வளவு குளிர் இல்லையே என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. விறைக்கவைக்கும் குளிர் ஓரிரவில் தெரிந்துவிடுகிறது. பெங்களூரின் நடுத்தரக் குளிரோ இரவுதோறும் கொஞ்சங் கொஞ்சமாக வேலை செய்து, பசியைக் குறைத்து, சளியைக் கொடுத்து, இரண்டு மாதம் கழித்தே தன்னை வெளிக்காட்டுகிறது. அத்துடன், நம் பகுதியின் பழைய வீடுகளில் தடித்த சுவர்களும் உயர்ந்த கூரையும் இருப்பதால், வெளியே வெயில் காய்ந்தாலும் அறைக்குள் சில்லென்றே இருக்கும். கோடையில் நமக்குச் சுகமாக இருப்பது அதற்குச் சுகம் அன்று.

எந்தப் பல்லிக்கு எந்தக் கூண்டு என்பது அதன் சொந்த ஊரைப் பொறுத்தது. இகுவானா மரமேறி. ஆதலால் அதற்கு உயரம் வேண்டும்; கிளைகள் வேண்டும்; காற்றில் ஈரம் வேண்டும். வாங்கும்போது ஒரு சாண் இருப்பது, சில ஆண்டுகளில் வாலோடு சேர்த்து ஐந்தடிக்கு மேல் வளரும். நன்றாகப் பராமரித்தால் பதினைந்து, இருபது ஆண்டுகள் உயிர் வாழும். அதற்குக் குறைந்தபட்சம் ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஆறடி உயரம் உள்ள கூண்டு வேண்டும். அதாவது ஒரு பெரிய பீரோவைக் காட்டிலும் பெரியது. வெயில் காயும் கிளையில் 32 முதல் 35 டிகிரி, நிழல் மூலையில் 26 டிகிரி, இரவில் 24 டிகிரிக்குக் குறையாமல் இருத்தல் நலம்.

தாடிப் பல்லி ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பூமியைச் சேர்ந்தது. ஒன்றரை முதல் இரண்டடி வரை வளரும். நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் உள்ள கூண்டில் ஒன்றை வைக்கலாம். வெயில் காயும் இடத்தில் 40 டிகிரி வரை சூடு கேட்கும். ஆனால் இரவில் 20 டிகிரி அளவுக்கு இறங்கினாலும் தாங்கிக்கொள்ளும். ஈரக்காற்று அதற்கு ஆகாது. சிறுத்தைப் பல்லி ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பகுதிகளின் பாறை நிலத்தது. ஏறக்குறைய முக்கால் அடி அளவுக்கு வளரும். பகலில் ஒளிந்து இரவில் உலவும். நம் வீட்டுப் பல்லியைப் போல் இதற்குப் பாதத்தில் ஒட்டும் தகடு இல்லை. ஆகவே கண்ணாடிச் சுவரில் ஏறாது. நம் வீட்டுப் பல்லிக்கு இல்லாத கண்ணிமை இதற்கு உண்டு. மூன்றடி நீளமுள்ள தரைவாட்டான பெட்டி, சூடான பக்கம் ஓர் ஒளிவிடம், குளிர்ந்த பக்கம் ஓர் ஒளிவிடம், நடுவில் ஈரப் பாசி வைத்த ஒரு சிறு பேழை, இவ்வளவு இருந்தால் போதும். தோல் உரிக்கும் காலத்தில் அந்த ஈரப் பேழை மிகவும் உதவும்.

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு அறை வாடகை வீட்டில் இருப்போர் இகுவானாவை நினைக்கவே கூடாது. பிள்ளையின் ஆசை அடங்கவில்லையானால், சீட்டுகள் ஒழுங்காக உள்ள இடத்தில் சிறுத்தைப் பல்லி ஒன்றை வாங்கலாம். அல்லது விடுமுறையில் சென்னைக்குச் செல்லும்போது, மாமல்லபுரம் செல்லும் சாலையில் வடநெம்மேலியில் 1976 முதல் நடந்துவரும் முதலைப் பண்ணைக்கு அழைத்துச் செல்லலாம். ஊர்வன வாழ எவ்வளவு இடம் வேண்டும் என்பதைப் பிள்ளைகள் அங்கே கண்ணாரக் காணலாம்.

ஒரே கூண்டுக்குள் வெயிலும் நிழலும் இருக்க வேண்டும் என்ற எண்ணம் நேற்று முளைத்தது அன்று. லண்டன் மிருகக்காட்சிசாலையில் ஜோன் புரோக்டர் என்னும் பெண்மணி ஊர்வனப் பிரிவின் அதிகாரியாக இருந்தார். நோயாளியான உடம்போடு முப்பத்து நான்கு வயதிலேயே மறைந்தவர். அவர் திட்டமிட்டுக் கொடுத்த ஊர்வன இல்லம் 1927-இல் திறக்கப்பட்டது. கட்டடம் முழுவதையும் ஒரே மாதிரிச் சூடேற்றாமல், மின்சாரத்தால் வெவ்வேறு இடத்துக்கு வெவ்வேறு சூடு கிடைக்கும்படி செய்தார். புற ஊதாக் கதிரைத் தடுக்காத விசேஷக் கண்ணாடியைப் பொருத்தினார். நூறு ஆண்டுக்கு முன் ஒரு பெண்மணி கண்டறிந்து செய்ததை, இன்று நமக்கு மீன் தொட்டி விற்பவர்கள் அறியவில்லை என்றால் என்ன சொல்வது!

கூண்டை எதனால் செய்வது? கண்ணாடிப் பெட்டி சிறுத்தைப் பல்லிக்குப் பொருந்தும். மற்ற இரண்டுக்கும் மூன்று பக்கம் பிளைவுட் பலகையும் முன்பக்கம் நகரும் கண்ணாடிக் கதவும் உள்ள கூண்டே சிறந்தது. பலகை சூட்டைக் காக்கும். மூன்று பக்கமும் மறைப்பு இருப்பதால் பிராணியின் அச்சமும் குறையும். உட்புறம் வார்னிஷ் பூசினால், வாடை முற்றும் போகும்வரை இரண்டு வாரமாவது திறந்து ஆறவிட வேண்டும். ஒரு பக்கம் கீழேயும் எதிர்ப்பக்கம் மேலேயும் காற்றுத் துளை வைத்தால் காற்றோட்டம் தானே நடக்கும். கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலை வேண்டாம். அதில் மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும், நகமும் மாட்டிக்கொள்ளும். தரையில் மணல் பரப்புவது பார்வைக்கு அழகு. ஆனால் குட்டிகள் தீனியோடு மணலையும் விழுங்கிக் குடல் அடைத்துப் போவதுண்டு. பழைய செய்தித்தாள் போதும். வெயில் காயும் இடத்தில் விளக்குக்குக் கீழே ஒரு கடப்பைக் கல் துண்டை வைத்தால், அது சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, விளக்கு அணைந்த பிறகும் சற்று நேரம் கொடுத்துக்கொண்டிருக்கும். சமையலறை மேடை செய்பவர்களிடம் வெட்டிப்போட்ட துண்டுகள் கிடைக்கும்.

சூடு மேலிருந்து வர வேண்டும், சூரியனைப் போல. உள்ளே மின்சாரம் ஓடும் 'சூட்டுக் கல்' என்று ஒன்றை விற்கிறார்கள். அதன்மேல் படுத்த பல்லி, வயிறு வெந்துபோவதை உணராமலே கிடப்பதுண்டு. ஆதலால் அதை வாங்க வேண்டாம். பகலுக்கு வெளிச்சத்தோடு சூடு தரும் விளக்கும், இரவுக்கு வெளிச்சமின்றிச் சூடு மட்டும் தரும் பீங்கான் சூடேற்றியும் கிடைக்கின்றன. இரண்டையும் கம்பிக் கூடு போட்டு மறைக்க வேண்டும். சூட்டை அளந்து தானே அணைத்து ஏற்றும் தெர்மோஸ்டாட் கருவியோடு இணைக்க வேண்டும். புற ஊதா விளக்கு தனி. அதற்கும் பிராணிக்கும் நடுவே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருக்கலாகாது. தொலைவு விளக்குக்கு விளக்கு மாறும் என்பதால் பெட்டியில் அச்சிட்டபடி வைக்க வேண்டும். இந்த விளக்கில் ஒரு சூது உண்டு. வெளிச்சம் குறையாமலே அதன் கதிர் குறைந்துபோகும். ஆகவே அதன் இனத்துக்கேற்ப ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை, எரிந்துகொண்டிருக்கும் விளக்கையே கழற்றி மாற்ற வேண்டும். எரிகிற விளக்கை எறிய நம் மனம் இடங்கொடாது. ஆயினும் செய்யத்தான் வேண்டும்.

செலவைப் பார்ப்போம். நூறு வாட் விளக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் மாதம் 36 யூனிட். இரவுச் சூடேற்றி பாதி நேரம் ஓடினால் மேலும் 18 யூனிட். மாதந்தோறும் இந்த 54 யூனிட்டைக் குடும்ப வரவு செலவில் ஏற்ற முடியுமா என்று, பல்லியை வாங்குமுன் கணக்குப் போட வேண்டும். இகுவானாவின் பெரிய கூண்டுக்கு இது போதவும் போதாது. மின்சாரம் தடைப்படும் இரவுக்காக, வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றிக் கூண்டின் ஒரு மூலையில் வைக்கலாம். பாட்டியாரின் சால்வை அப்பொழுது மிகவும் பயன்படும். சூடு உள்ளே இருக்கிறதல்லவா?

கூண்டை எங்கே வைப்பது? நேர் வெயில் விழும் இடத்தில் கண்ணாடிப் பெட்டியை ஒருநாளும் வைக்கக்கூடாது. சிறிது நேரத்தில் உள்ளே கொதித்துப்போகும். தெருக்கதவின் காற்று வீசும் இடம் ஆகாது. கொசுவர்த்தியும் சாம்பிராணியும் புகையும் அறையும் ஆகாது. சமையலறை கூடவே கூடாது. ஊர்வனவற்றின் கழிவில் சால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். கூண்டின் தட்டு முட்டுகளைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கழுவலாகாது. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் தள்ளாத முதியோரும் உள்ள வீட்டில் இதில் இரட்டைக் கவனம் தேவை.

மாற்றல் உத்தியோகத்தில் இருப்பவன் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். ஆணியடித்த கூண்டைச் செய்விக்காதீர்கள். பலகைகளைப் போல்ட்டு, நட்டு கொண்டு பூட்டும்படி தச்சரிடம் சொல்லுங்கள். வீட்டுக்காரர் திடீரென்று காலி செய்யச் சொன்னாலும், அரக்கோணத்துக்கோ ஈரோட்டுக்கோ மாற்றல் உத்தரவு வந்தாலும், கழற்றிக் கட்டி எடுத்துச் செல்லலாம். ஆறடிக் கூண்டு நம் வாடகை வீடுகளின் வாசற்படியில் முழுதாக நுழைவதில்லை என்பதைப் பலர் கூண்டு வந்து இறங்கிய பிறகே காண்கிறார்கள். முடியாத நிலைமையில் பல்லியை அல்சூர் ஏரிக்கரையிலோ பூங்காவிலோ விட்டுவிடலாம் என்ற எண்ணம் மட்டும் எவருக்கும் வரக்கூடாது. நம் குளிரில் அது சாகும். சாகாமல் பெருகினால், பிளோரிடாவின் கதை இங்கேயும் நடக்கும்.

அண்டைத் தெருப் பையனின் இகுவானாவுக்காக அவன் தந்தையார் பின்தாழ்வாரத்தில் பாதியை விட்டுக்கொடுத்தார். தச்சுக்கூலியும் விளக்குகளுமாக ஆன செலவு, பிராணியின் விலையைப்போல் பன்மடங்கு என்று அவரே சொன்னார். பதிவுக்கும் எழுதிப்போட்டிருக்கிறார்கள். நான்கு மாதத்தில் அது தீனி எடுத்து, கிளையேறத் தொடங்கிவிட்டது. செம்பருத்திப் பூவைக் கண்டால் இறங்கி வருகிறது. ஆனால் தாடையின் கோணல் நிமிரவில்லை. இனி நிமிராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பையன் இன்னும் பூவைக் கிள்ளிக் கிள்ளித்தான் ஊட்டுகிறான்.

புதிதாக வாங்க எண்ணுவோர் கூண்டை முதலில் செய்து, விளக்குகளைப் பூட்டி, காலியாகவே ஏழு நாள் ஓடவிடுங்கள். வெயில் மூலையில் ஒன்று, நிழல் மூலையில் ஒன்றாக இரண்டு வெப்பமானிகளை வைத்து, காலை, பகல், இரவு, விடியற்காலை நான்கு மணி என்று நான்கு வேளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவாருங்கள். குறிக்கும் பொறுப்பைப் பிள்ளையிடமே கொடுங்கள். விடியற்காலை நான்கு மணிக் கணக்கு ஏழு நாளும் விடாமல் எழுதப்பட்டிருந்து, அதில் சூடும் சரியாக இருந்தால், எட்டாம் நாள் கடைக்குப் புறப்படலாம்.